ஒளி சொல்லாததைக் கணினி சொல்லாது

பாலிலும் பெயின்ட்டிலும் மருந்துக் குப்பியிலும் ஆற்று வெள்ளத்திலும் மிதக்கும் நுண்துகள்களின் அளவை அறிய இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் ஒரே வழியைத்தான் நாடுகின்றன. சிறிதளவு நீர்மத்தை எடுத்து அதற்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி சிதறுகிறது என்பதை உணர்விகள் பதிவு செய்கின்றன. கணினி அதை வாங்கிக் கணக்கிட்டு, எந்த அளவுள்ள துகள் எத்தனை சதவீதம் என்று ஒரு வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டுகிறது. பார்க்கிறவர்கள் அதை அளவீடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பரவலாக வேரூன்றிய ஒரு கருத்து இருக்கிறது. ஒளிச்சிதறலின் இயற்பியல் 1908லேயே தீர்ந்துவிட்டது; பாக்கியிருந்தது கணக்குப் போடும் சிரமம்தான்; கணினிகள் அந்தச் சிரமத்தையும் போக்கிவிட்டன; ஆகவே சிதறிய ஒளி கையில் இருந்தால் துகளும் கையில் இருக்கிறது என்பதே அக்கருத்து. இதன் முதல் மூன்று பகுதிகளும் ஏறக்குறைய உண்மை. கடைசிப் பகுதி அவற்றிலிருந்து பிறக்கவில்லை. கணினி சிமுலேஷன் எவ்வளவு துல்லியமானாலும் அது ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது; நாம் கேட்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்புபவை நாம் முன்கூட்டியே செய்துகொண்ட அனுமானங்கள். அந்த அனுமானங்களை மறைத்துவிட்டு விடையை மட்டும் காட்டும் பழக்கம் அறிவியலுக்குக் கேடு என்பதே என் வாதம்.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த குஸ்டாவ் மீ 1908இல் எடுத்துக்கொண்ட சிக்கல் மிகத் தெளிவானது. தங்கத்தின் நுண்துகள்கள் மிதக்கும் நீர் ஏன் செந்நிறமாகத் தெரிகிறது, துகள் பெரிதாகும்போது அந்த நிறம் ஏன் நீலத்தை நோக்கி நகர்கிறது என்பது அவர் கேள்வி. இத்தகைய தங்கக் கூழ்மங்களை மைக்கேல் ஃபாரடே 1857லேயே லண்டனில் தயாரித்து ஆராய்ந்திருந்தார். மீ, துகளைச் சீரான ஓர் உருண்டை என்று வைத்துக்கொண்டார். அதன் விட்டமும் ஒளிவிலகல் எண்ணும் தெரிந்தால், மாக்ஸ்வெல் சமன்பாடுகளின்படி அது எத்திசையில் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கும் என்பதை முடிவிலாத் தொடராக எழுதிக்காட்டினார். டென்மார்க்கின் லுட்விக் லோரென்ஸ் 1890இல் வேறு வழியில் இதே விடைக்கு வந்திருந்தார். விடையில் குறை ஏதும் இல்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்பதைக் கவனிக்க வேண்டும். துகள் தெரிந்திருந்தால் ஒளி எப்படிச் சிதறும் என்பதற்கான விடை அது. அதுவும் துகள் உருண்டையாக இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும் விடை. அந்த நிபந்தனையின் கனத்தை அக்காலத்தவர் உணர்ந்தே இருந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1912இல், ரிச்சர்ட் கான்ஸ் தங்கத் துகள்கள் நீள்கோளமாக இருந்தால் நிறம் எப்படி மாறும் என்று கணக்கிட்டு, துகளின் வடிவத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். இன்றைய அன்றாடக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை. வடிவம் உருண்டை என்பது அதில் முன்பே முடிவாகிவிட்டது.

கணினிகள் சாதித்ததைக் குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அதை முழுமையாக ஒப்புக்கொண்டாலும் என் வாதம் நிற்கும். நீரில் மிதக்கும் 1 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைமேல் 633 நானோமீட்டர் லேசர் விழுந்தால் மீயின் தொடரில் ஏறக்குறைய 16 உறுப்புகளைக் கூட்டினால் போதும். 10 மைக்ரான் உருண்டைக்கு 84 உறுப்புகள். எத்தனை உறுப்புகளில் நிறுத்தலாம் என்பதற்கு 1980இல் வாரன் விஸ்கோம் தந்த விதி இன்றும் பயன்படுகிறது. 1983இல் போரன், ஹஃப்மேன் இருவரும் எழுதிய நூலின் பின்னிணைப்பில் இருந்த சிறிய ஃபோர்ட்ரான் நிரல் உலகெங்கும் பரவி, இந்தக் கணக்கை எவரும் போடக்கூடியதாக்கியது. உருண்டையல்லாத துகள்களுக்கும் வழிகள் பிறந்தன. 1965இல் வாட்டர்மேன் முன்வைத்த டி-மேட்ரிக்ஸ் முறையும், 1973இல் பர்செல், பென்னிபேக்கர் ஆகியோர் முன்வைத்த இருமுனைப் புள்ளிகளின் முறையும் அவற்றில் முக்கியமானவை. இரண்டாவது முறையில் துகளை நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சுமார் 90 கன மைக்ரான் கொள்ளளவுள்ள ஒரு சிவப்பணுவை, ஓர் அலைநீளத்துக்கு 10 புள்ளி என்ற கணக்கில் பிரித்தால் 8 லட்சம் புள்ளிகள் வரும். ஒரு காலத்தில் எண்ணிப் பார்க்கவே முடியாத அந்தக் கணக்கு இன்று எட்டக்கூடியது. துகளைச் சொன்னால் ஒளியைச் சொல்லும் வேலை, அதாவது நேர்க் கணக்கு, பெருமளவு கைவசமாகிவிட்டது. இதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் ஆய்வகத்தில் எவரும் நேர்க் கணக்கைக் கேட்பதில்லை. ஒளி கையில் இருக்கிறது. துகள் என்ன என்பதே கேள்வி. இது தலைகீழ்க் கணக்கு. நேர்க் கணக்கை வேகமாகப் போடத் தெரிந்தால் தலைகீழ்க் கணக்கும் தானே தீர்ந்துவிடும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பல அளவுள்ள துகள்கள் கலந்து மிதக்கும்போது ஒவ்வொன்றும் சிதறடிக்கும் ஒளி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தனித்தனி அடையாளங்களை அழித்துவிடுகிறது. உணர்விக்கு வந்து சேர்வது மழுங்கிய மொத்தம். அந்த மொத்தத்திலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுக்க முயலும்போது, உணர்வியில் ஏற்படும் மிகச் சிறிய இரைச்சல்கூட விடையில் பெரிய மேடுபள்ளங்களாக வெடிக்கிறது. ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத பல துகள் கலவைகள், அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள், ஒரே ஒளிப்பதிவைத் தந்துவிடும். கணிதவியலாளர்கள் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார்கள். ஃபிலிப்ஸ் 1962இலும், டூமியும் டிகோனவும் 1963இலும் இதற்கு வழி சொன்னார்கள். பொருந்தும் விடைகள் பலவற்றில் மிக மழமழப்பானதைத் தேர்ந்தெடு என்பதே அந்த வழியின் சாரம். நல்ல வழிதான், பயனுள்ள வழிதான். ஆனால் மழமழப்பானதே உண்மை என்று ஒளி சொல்லவில்லை; தேர்ந்தெடுத்தவர் சொல்கிறார். திரையில் தோன்றும் வளைகோட்டின் வழவழப்பில் ஒரு பங்கு கருவியை உருவாக்கியவரின் விருப்பத்திலிருந்து வந்தது. கணினியின் வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் இந்த நிலை மாறாது, ஏனென்றால் இங்கே குறைவது தகவல்.

அனுமானங்களில் முதலாவது ஒளிவிலகல் எண். லேசர் விளிம்பு விளைவுக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 13320 தரநிலை, நுண்ணிய துகள்களுக்கு மீ கோட்பாட்டைப் பயன்படுத்தும்போது துகளின் ஒளிவிலகல் எண் தேவை என்கிறது. அந்த எண்ணுக்கு இரு பகுதிகள் உண்டு: ஒளியை வளைக்கும் பகுதி ஒன்று, ஒளியை உட்கவரும் பகுதி மற்றொன்று. இரண்டாவது பகுதியை நுண்துகளுக்கு நேரடியாக அளப்பது அரிது. அதனால் 0.1, 0.01, 0.001 என்று பத்தின் படிகளில் ஒன்றைத் தேர்ந்து, எது பதிவோடு நன்றாகப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்வது பரவலான நடைமுறை. இந்த ஒரு தேர்வு மாறினால், ஒரு மைக்ரானுக்குக் கீழே ஒரு துகள் கூட்டம் புதிதாக முளைக்கவோ, இருந்த கூட்டம் மறையவோ கூடும். ஒரு மருந்தின் துகள்களில் நுண்பொடி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு, யாரோ ஒருவர் பட்டியலிலிருந்து தேர்ந்த எண் விடையளிக்கிறது. மென்பொருள் விட்டத்தை மூன்று தசம இடங்கள் வரை அச்சிடும்போது, அதற்கு அடிப்படையான எண் ஒன்று பத்து மடங்கு தடுமாற்றத்தோடு உள்ளே கிடக்கிறது. தசம இடங்கள் கணக்குப் போட்டதன் துல்லியத்தைக் காட்டுகின்றன. துகளைப் பற்றி நாம் அறிந்ததன் துல்லியத்தை அவை காட்டுவதில்லை.

இரண்டாவது அனுமானம் வடிவம். களிமண் துகள்கள் தட்டையான தகடுகள். படிவு வேகத்தை வைத்துக் களிமண் அளவை அறியும் பிப்பெட் முறையையும் லேசர் முறையையும் ஒப்பிட்டு கோனர்ட், வான்டன்பெர்ஹே ஆகியோர் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிப்பெட் முறையில் 2 மைக்ரான் எல்லைக்குள் வருகிற களிமண்ணைப் பிடிக்க வேண்டுமானால், லேசர் முறையில் எல்லையை 8 மைக்ரான்வரை தளர்த்த வேண்டியிருந்தது. அதாவது மண்ணில் களிமண் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்ற பிரிப்பே முறையோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. எதிர்த்திசைப் பிழையும் உண்டு. கடலிலும் ஆற்றிலும் மிதக்கும் கோணல்மாணலான மணல் துகள்களின் சிதறலை உருண்டைக்கான கணக்கில் போட்டால், நீரில் இல்லாத நுண்துகள்கள் விடையில் தோன்றிவிடுகின்றன என்பதை அகர்வாலும் அவரது குழுவினரும் 2008இல் காட்டினார்கள். ஓரிடத்தில் இருக்கும் நுண்துகளைக் கணக்கு விழுங்குகிறது. இன்னோரிடத்தில் இல்லாத நுண்துகளைப் படைக்கிறது. பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரு திருத்தக் காரணியால் சரிசெய்துவிடலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது துகளின் வடிவத்தைப் பொறுத்தது என்றால், வடிவம் தெரியாமல் திருத்தவும் வழியில்லை.

மூன்றாவது அனுமானம், ஒளி ஒவ்வொரு துகளையும் ஒருமுறைதான் சந்திக்கிறது என்பது. நீர்த்த கலவையில் இது சரி. அடர்ந்த கலவையில் ஒரு துகள் சிதறடித்த ஒளியை அடுத்த துகள் மறுபடி சிதறடிக்கும். இதற்கான கணிதத்தை சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட கதிர்வீச்சுக் கடத்தல் நூல் உறுதியான அடித்தளத்தில் நிறுத்தியது. அந்தக் கணிதமும்கூடத் துகள்கள் ஒன்றுக்கொன்று போதிய தொலைவில் இருப்பதாகவே கொள்கிறது. பெயின்ட்டில் டைட்டானியம் டைஆக்சைடு துகள்கள் நெருங்கும்போது, ஒவ்வொன்றும் தனித்துச் சிதறடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. நிறமியைக் கூட்டிக்கொண்டே போனாலும் மறைக்கும் திறன் அதே வீதத்தில் கூடுவதில்லை. அடர்ந்த மாதிரியை நீர்க்கச் செய்து அளந்தால் இந்தச் சிக்கல் விலகும் என்பார்கள். நீர்க்கச் செய்யும்போது ஒட்டியிருந்த துகள்கள் பிரியலாம், கரையக்கூடியவை கரையலாம். அளக்கப்பட்டது வேறொரு மாதிரியாகிவிடும்.

இவை கருவிக் கையேடுகளின் அடிக்குறிப்புகளில் அடங்கிவிடக்கூடிய சிறு சிக்கல்கள் என்று எண்ணுபவர்கள் கடலியலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கடலின் நிறத்தைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்வது, மேல்நோக்கித் திரும்பிவரும் ஒளியை வைத்துத்தான். அந்தப் பின்சிதறலை உண்டாக்குவது எந்தத் துகள்? நுண்ணுயிர்களையும் மிதவைப் பாசிகளையும் சீரான உருண்டைகளாக வைத்து மீ கோட்பாட்டின்படி கணக்கிட்டபோது, அவற்றால் வரக்கூடிய பின்சிதறல் கடலில் அளந்ததைவிட மிகக் குறைவாக வந்தது. கணக்கு சரியானது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆகவே மிச்ச ஒளிக்கு வேறு பொறுப்பாளரைத் தேட வேண்டியதாயிற்று. ஸ்ட்ராம்ஸ்கி, கீஃபர் ஆகியோரின் 1991ஆம் ஆண்டு ஆய்வு உட்பட அக்காலத்துக் கணிப்புகள், ஒரு மைக்ரானுக்கும் சிறிய, உயிரற்ற நுண்துகள்களை நோக்கிக் கைகாட்டின. அத்தகைய துகள்கள் கடலில் இருப்பது உண்மை. அவ்வளவு ஒளிக்கு அவைதாம் காரணமா என்பதே கேள்வி. 2004இல் ஸ்ட்ராம்ஸ்கியும் பிறரும் சேர்ந்து எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை, பின்சிதறலின் பெரும்பகுதிக்கு மூலம் எது என்பது தீராத புதிராகவே இருப்பதை வெளிப்படையாகச் சொன்னது.

புதிர் அவிழ்ந்த விதம் நமக்குப் பாடம். உயிரணு சீரான உருண்டை அன்று. அதற்குச் சவ்வு உண்டு, உள்ளுறுப்புகள் உண்டு, சில பாசிகளுக்குச் சிலிக்கா ஓடும் சிலவற்றுக்குச் சுண்ணாம்புத் தகடும் உண்டு. ஓர் உறையையும் ஓர் உட்கருவையும் கொண்ட உருண்டையாக அவற்றைக் கணக்கிட்டு, கடலில் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிட்டு ஆர்கனெல்லியும் சகாக்களும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திறந்த கடலின் பின்சிதறலுக்கு 1 முதல் 10 மைக்ரான் வரையிலான துகள்களே பெரும்பாலும் காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பல ஆண்டுகளாகக் கண்ணுக்குச் சிக்காத நுண்துகள் கூட்டத்தின்மேல் ஏற்றப்பட்டிருந்த ஒளி, அனுமானத்தில் ஒரே ஓர் உறையைச் சேர்த்ததும் இடம் மாறியது. இந்த மாற்றம் சிறியதன்று. கடல் எவ்வளவு கரிமத்தைத் தாங்கியிருக்கிறது, அதில் எவ்வளவு ஆழத்துக்கு அமிழ்கிறது என்பதைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து மதிப்பிடுகிறவர்களுக்கு, ஒளியைத் திருப்பி அனுப்புவது எந்த அளவுள்ள துகள் என்பது அடிப்படைச் செய்தி. இங்கே மீ கோட்பாட்டில் பிழை இல்லை. கணினியிலும் பிழை இல்லை. பிழை முழுவதும் உருண்டை, சீரானது என்ற இரண்டு சொற்களுக்குள் இருந்தது. அவை அனுமானங்களாக நினைவில் நிற்காமல் உண்மைகளாகப் பழகிவிட்டதால் பிழை நீண்டகாலம் நிலைத்தது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது தொழிற்சாலைகளிலிருந்து வருவது. எங்களுக்கு உண்மையான விட்டம் தேவையில்லை, நேற்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்கிறார்கள். அந்த எல்லைக்குள் இது நியாயமான வாதம்; ஒரே பொருள், ஒரே கருவி, ஒரே அமைப்பு என்றால் ஒப்பீட்டுக்கு அந்த எண் உதவும். ஆனால் எண்கள் தொழிற்சாலை வாசலோடு நிற்பதில்லை. அவை சட்டத்துக்குள்ளும் ஒப்பந்தத்துக்குள்ளும் நுழைகின்றன. ஐரோப்பிய ஆணையம் 2011இல் வெளியிட்ட பரிந்துரை, எண்ணிக்கையில் 50 சதவீதமோ அதற்கு மேலோ துகள்கள் 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அதை நானோபொருள் என்று வகுத்தது. 2022இல் திருத்தியபோதும் எண்ணிக்கை என்ற அடிப்படை நீடித்தது. இத்தகைய நுண்துகள்களை அளக்கப் பயன்படும் டி.எல்.எஸ். எனப்படும் இயங்கு ஒளிச்சிதறல் முறை எண்ணிக்கையை அளப்பதில்லை. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில் சிதறும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப இருக்கும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் 10 லட்சம் சேர்ந்து தரும் ஒளியைத் தந்துவிடும். ஒளியிலிருந்து எண்ணிக்கைக்கு மாற்றும்போது சிறு துகள்கள் பக்கம் ஏற்படும் சிறு பிழையும் லட்சக்கணக்கில் பெருகும். ஒரு பொருள் எந்தச் சட்டப் பிரிவில் அடங்கும் என்பதை அப்படிப் பெருகிய பிழையிடம் ஒப்படைக்க முடியாது.

இரண்டாவது எதிர்வாதம், உருண்டை அனுமானம் பழைய கதை, இன்று எந்த வடிவத்துக்கும் கணக்கிடும் நிரல்கள் இருக்கின்றன என்பது. இருக்கின்றன, முன்பே ஒப்புக்கொண்டேன். ஆனால் உருண்டைக்கு விட்டம் என்ற ஒரே எண் போதும். நீள்கோளத்துக்கு இரண்டு எண்கள், அவற்றோடு அது எத்திசையில் சாய்ந்திருக்கிறது என்ற தகவலும் வேண்டும். கரடுமுரடான மணல் துகளுக்கு எத்தனை எண்கள் வேண்டும் என்பதற்கு வரையறையே இல்லை. ஒளிப்பதிவு தரும் தகவல் முன்பிருந்த அளவே இருக்க, தெரியாதவற்றின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. ஆகவே நேர்க் கணக்கு உண்மைக்கு நெருங்க நெருங்க, தலைகீழ்க் கணக்கில் பொருந்தும் விடைகள் பெருகுகின்றன. உருண்டை அனுமானம் நீடிப்பதற்கு ஒரு காரணம், அது ஒரே விடையைத் தருகிறது என்பதுதான். ஒரே விடை கிடைக்கும் வசதியை, சரியான விடை கிடைத்ததற்கான சான்றாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது வாதம் புதியது: செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடும், லட்சக்கணக்கான சிதறல் பதிவுகளைக் கொடுத்துப் பயிற்றுவித்தால் தலைகீழ்க் கணக்கை அது கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். அந்த லட்சக்கணக்கான பதிவுகள் எங்கிருந்து வருகின்றன? துகளின் வடிவமும் உள்ளமைப்பும் தனியாகத் தெரிந்த உண்மையான மாதிரிகள் அத்தனை இல்லை. எனவே பயிற்சிப் பதிவுகளில் பெரும்பாலானவை நேர்க் கணக்கின் சிமுலேஷனால் உருவாக்கப்படுகின்றன. சிமுலேஷனில் உருண்டை இருந்தால் இயந்திரமும் உருண்டையையே கற்கும். எல்லா உயிரணுவும் சீரானவை என்று கற்றுக்கொண்ட இயந்திரம் கடலைப் பார்த்தால், 1990களின் ஆய்வாளர்கள் எங்கே சென்றார்களோ அங்கேயே இன்னும் வேகமாகச் சென்று சேரும். பழைய முறையில் அனுமானம் ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தது. விரும்பியவர் அதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கலாம். இங்கே அது கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்துவிடுகிறது.

நான்காவது எதிர்வாதமே வலுவானது. அதற்கு மதிப்பளித்துப் பதில் சொல்ல வேண்டும். தலைகீழ்க் கணக்கு வெற்றி பெற்றதே இல்லையா? பெற்றிருக்கிறது. வெள்ளிக் கோளின் மேகங்களில் இருந்து வரும் ஒளியின் தளவிளைவை ஆராய்ந்து, ஹேன்சன், ஹோவனியர் இருவரும் 1974இல் அந்த மேகத்துளிகளின் சராசரி ஆரம் ஏறக்குறைய 1.05 மைக்ரான், பச்சை ஒளியில் ஒளிவிலகல் எண் 1.44 என்று கண்டார்கள். அடர் கந்தக அமிலத்தோடு அந்த எண் பொருந்தியது. பூமியில் இருந்துகொண்டே வேறொரு கோளின் மேகத்துளியை இனங்கண்ட அந்த ஆய்வு ஒளிச்சிதறல் கணக்கின் உச்சங்களில் ஒன்று. அது ஏன் வென்றது என்று பார்த்தால் என் வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. நீர்மத் துளிகள் இயல்பாகவே உருண்டையானவை. அனுமானம் அங்கே உண்மையாக இருந்தது. ஒளியின் செறிவை மட்டும் அவர்கள் நம்பவில்லை. பல அலைநீளங்களில், பல கோணங்களில், 1920களில் பெர்னார் லியோ தொடங்கிவைத்த தளவிளைவு அளவீடுகள் துணைநின்றன. கந்தக அமிலம் என்ற ஊகத்தை வேதியியல் பக்கமிருந்தும் பிறர் முன்வைத்திருந்தார்கள். தகவல் மிகுந்து, அனுமானம் குறைந்து, சுதந்திரமான சான்று துணைக்கு வந்தபோது கணக்கு வென்றது. ஒரே அலைநீளம், செறிவு மட்டும், வடிவம் தெரியாத துகள் என்ற நிலையில் வேலை செய்கிற கருவி, வெள்ளிக் கோளின் வெற்றியைத் தன் வெற்றியாகக் காட்டிக்கொள்ள முடியாது.

அனுமானத்தோடு நேர்மையாக நடந்துகொள்ள வழி இருக்கிறது என்பதற்கு இரத்தப் பரிசோதனைக் கருவிகளே சான்று. சிவப்பணு இருபுறமும் குழிந்த தட்டு வடிவம் கொண்டது. மீ கோட்பாடு அதற்குப் பொருந்தாது. டைக்கோவும் சகாக்களும் 1985இல் வெளியிட்ட முறையில், அணுவின் கொள்ளளவு மாறாதபடி அதை முதலில் வேதிப்பொருளால் உருண்டையாக்கினார்கள். பிறகு இரண்டு கோணங்களில் சிதறலை அளந்து, ஒவ்வோர் அணுவின் கொள்ளளவையும் அதனுள் இருக்கும் ஹீமோகுளோபின் செறிவையும் பிரித்தெடுத்தார்கள். அறிய வேண்டியவை இரண்டு, எடுத்த அளவீடுகளும் இரண்டு. அணுவை உருண்டை என்று பாவித்துக்கொள்ளாமல் உருண்டையாகவே மாற்றினார்கள். வடிவத்தைப் பற்றிய தகவலை இழக்கிறோம் என்பதை அறிந்தே இழந்தார்கள். கணக்கின் நிபந்தனையை மாதிரியில் உண்மையாக்கிவிட்டுப் பிறகு கணக்கை நம்புவது ஒழுக்கமான வழி.

இவ்வளவும் சொன்னதால் சிமுலேஷனை நான் ஒதுக்கச் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கடல் புதிரை அவிழ்த்ததிலும் சிமுலேஷனுக்குப் பங்கு உண்டு. அதன் மெய்யான வலிமை ஒரு கருத்தைத் தோற்கடிப்பதில் இருக்கிறது. இத்தகைய துகள் இருந்தால் இத்தகைய ஒளி வந்தாக வேண்டும், வரவில்லை, ஆகவே அத்தகைய துகள் இல்லை என்று நேர்க் கணக்கு உறுதியாகச் சொல்ல முடியும். வந்தது, ஆகவே இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. சி.வி. ராமன் 1921இல் கப்பற்பயணத்தில் கடலின் நீலத்தை ஆராய்ந்தது இந்த முறையில்தான். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால் என்பது அன்று ரேலியின் பெயரோடு நிலைத்திருந்த விளக்கம். ராமன் நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே பார்த்து, பிரதிபலித்த ஒளியை விலக்கினார். நீலம் மறையவில்லை. வானமே காரணம் என்ற விளக்கம் அந்த ஒரே சோதனையில் வீழ்ந்தது. நீர் மூலக்கூறுகளின் சிதறலைக் கணக்கிட்டு 1922இல் அவர் வெளியிட்டது அதற்குப் பின்புதான். பழைய விளக்கத்தை வீழ்த்தும் அளவீடு முதலில், புதிய விளக்கத்தின் கணக்கு அடுத்து என்ற அந்த வரிசையை இன்றைய மென்பொருள் தலைகீழாக்கிவிட்டது.

செய்ய வேண்டியவை எளியவை, இன்றே செய்யக்கூடியவை. ஒளிச்சிதறலால் கிடைத்த துகள் அளவு எங்கே அச்சானாலும், அதோடு எந்த வடிவம் அனுமானிக்கப்பட்டது, ஒளிவிலகல் எண்ணின் இரு பகுதிகளும் எவை, அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன, மாதிரி எவ்வளவு நீர்க்கச் செய்யப்பட்டது, பதிலை மழமழப்பாக்க என்ன விதி கையாளப்பட்டது என்ற விவரங்களும் அச்சாக வேண்டும். அந்த அனுமானங்களை நியாயமான எல்லைக்குள் மாற்றிப் பார்த்து, விடை எவ்வளவு அசைகிறது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்; கணினியின் வேகம் மெய்யாகவே பயன்படும் இடம் அது. ஒளியைச் சாராத இன்னொரு முறை, மின்னணு நுண்ணோக்கியோ படிவு முறையோ, ஒரு சில மாதிரிகளிலாவது துணைநிற்க வேண்டும். கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் பாலிஸ்டைரீன் மணிகள் கச்சிதமான உருண்டைகள். அவற்றில் சரியாக வந்தது களிமண்ணிலும் சரியாக வரும் என்று எழுதுவதை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. மாணவர்களுக்கு மீயின் தொடரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதன் தலைகீழ்க் கணக்கு ஏன் ஒரே விடையைத் தராது என்பதையும் அதே வகுப்பில் கற்பிக்க வேண்டும். எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்று சொல்லாத துகள் அளவு, எத்தனை தசம இடங்களோடு வந்தாலும், அளவீடு என்ற பெயருக்கு உரியதன்று. அதை அந்தப் பெயரில் ஏற்க மறுப்பது ஆய்வாளர், ஆசிரியர், ஒழுங்குமுறை அதிகாரி ஆகிய ஒவ்வொருவரின் கடமை.